பழைய பாட்டுக்கு வில்லி நெல்சன் செய்த மரியாதை

நாஷ்வில் இசைக் கம்பெனிகளின் கெடுபிடி பிடிக்காமல் சொந்த மாநிலமான டெக்சஸுக்குத் திரும்பி, முடியும் தாடியும் வளர்த்து, தன் இஷ்டப்படி பாடி ஜெயித்தவர் வில்லி நெல்சன். கன்ட்ரி இசையில் 'அவுட்லா' என்றே பெயர் வாங்கியவர். புகழின் உச்சியில் இருந்தபோது ஒரு ஆல்பத்துக்காக அவர் பாட எடுத்துக்கொண்டது, முந்தைய தலைமுறையின் பத்துப் பாட்டுகளை. அவருடைய கம்பெனியான கொலம்பியா ரெக்கார்ட்ஸ் தயங்கியது. கன்ட்ரி ரசிகர்கள் இதை ஏற்பார்களா? இளைஞர்கள் காசு கொடுத்து வாங்குவார்களா?

நெல்சனுக்கு அந்தச் சந்தேகமே இல்லை. ஆபட் என்ற சிற்றூரில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர் அவர். ஹோகி கார்மைக்கேல், இர்விங் பெர்லின் போன்ற அந்தத் தலைமுறை இசையமைப்பாளர்களின் மெட்டுகள் சிறுவயதிலேயே காதில் விழுந்தவை. அப்போது உடன் பியானோ வாசித்த அக்கா பாபிதான் இந்த ஆல்பத்திலும் வாசித்தார்.

தயாரிப்பாளராக அவர் அழைத்தது புக்கர் டி. ஜோன்ஸை. மெம்ஃபிஸ் நகரின் சோல் இசைக்கு உருவம் கொடுத்தவர்களில் ஒருவர். 1962-ல் 'கிரீன் ஆனியன்ஸ்' என்ற இசைத்துண்டு மூலம் தன் ஆர்கனை அமெரிக்கா முழுக்கக் கேட்கவைத்தவர். 1977 டிசம்பரில், லாரிக்குள் அமைந்த நடமாடும் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு நடந்தது. 1978-ல் 'ஸ்டார்டஸ்ட்' வெளியானது.

'ஜார்ஜியா ஆன் மை மைண்ட்' ஒன்றைக் கேட்டாலே போதும். 1960-ல் ரே சார்ல்ஸ் அதை உருகிப் பாடி, தன் சொத்தாகவே ஆக்கிக்கொண்டார். நெல்சன் அவரோடு போட்டி போடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவர் போலப் பாடுகிறார். வரியைத் தாளத்தில் பொருத்தாமல் கொஞ்சம் பிந்தி எடுக்கிறார், சில இடங்களில் முந்திக்கொள்கிறார். ஆனாலும் தாளம் தவறுவதில்லை. மிக்கி ராஃபேலின் மவுத் ஆர்கன், குரல் ஓய்ந்த இடத்தில் மட்டும் நுழைகிறது. ஜோன்ஸின் ஆர்கன் அடியில் மெல்லிய கம்பளம் போல விரிந்து கிடக்கிறது. நடுவே ஒலிப்பது 'ட்ரிக்கர்' என்று நெல்சன் பெயர் வைத்த நைலான் தந்தி மார்ட்டின் கிடார். வாசித்து வாசித்தே அதன் பலகையில் ஓட்டை விழுந்துவிட்டது.

'மூன்லைட் இன் வெர்மான்ட்' பாட்டில் இயைபுத் தொடையே கிடையாது. சாய்ந்துகொள்ள ஒத்த ஒலி இல்லாத அந்த வரிகளை, ஒவ்வொரு காட்சியாக நிறுத்தி நிதானமாகப் பாடுகிறார்.

கம்பெனியின் பயம் பொய்த்தது. 'ஜார்ஜியா', 'ப்ளூ ஸ்கைஸ்' இரண்டும் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தன. 'ஜார்ஜியா' கிராமி விருதும் வாங்கியது. பில்போர்டின் கன்ட்ரி ஆல்பம் பட்டியலில் 'ஸ்டார்டஸ்ட்' ஏறக்குறைய 10 வருடம் இடம்பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு லிண்டா ரான்ஸ்டட், ராட் ஸ்டூவர்ட் என்று பல நட்சத்திரங்கள் இதே பழைய பாட்டுகளுக்கு வந்தார்கள். இன்றும் புதிதாக ஒருவர் இந்த வேலையில் இறங்கினால், முதலில் கேட்கவேண்டிய ஆல்பம் இதுதான். நெல்சன் பாட்டுக்காகத் தன் குரலை மாற்றவில்லை, குரலுக்காகப் பாட்டை வளைக்கவும் இல்லை. மெட்டின் மேல் அவருக்கு அத்தனை நம்பிக்கை இருந்தது. கன்ட்ரி, ஜாஸ், சோல் என்று கடைக்காரர்கள் போட்ட பிரிவினை அந்த நம்பிக்கைக்கு முன்னால் நிற்கவில்லை.