உஷார்! கட்டைவிரலை நீட்டுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

2023 பிப்ரவரி 12. திருவண்ணாமலை மாவட்டமே திடுக்கிட்ட நாள். டவுனிலும் போளூரிலும் கலசபாக்கத்திலும் நாலு ஏ.டி.எம். மெஷின்களை காஸ் வெல்டிங்கால் அறுத்து, 70 லட்ச ரூபாய்க்கு மேல் அள்ளிக்கொண்டு போனது ஒரு கும்பல். போனது வங்கியின் பணம். உங்கள் கணக்கில் ஒரு பைசா குறையவில்லை.

ஆனால் உங்கள் கணக்கைக் காலி பண்ண வெல்டிங் மெஷின் தேவையில்லை. உங்கள் கட்டைவிரல் போதும். அதையும் நீங்களே நீட்டுவீர்கள்!

செங்கம் பக்கம் ஒரு கிராமம். ஐம்பதைத் தாண்டிய அம்மா. மகன் பெங்களூரில் கட்டட வேலை. நூறு நாள் வேலைக் கூலியும் மகளிர் உரிமைத் தொகையும் ஒரே கணக்கில் விழும். டவுனுக்குப் போனால் பஸ் காசு, ஒரு நாள் கூலி இரண்டும் போச்சு. அதனால் கைரேகை மெஷின் வைத்திருக்கும் கடையிலேயே பணம் எடுப்பார்.

“ரேகை விழலம்மா, இன்னொரு தடவை வைங்க” என்றார் கடைக்காரர். வைத்தார். “சர்வர் வேலை செய்யல, நாளைக்கு வாங்க.” களையெடுத்துத் தேய்ந்த விரல்தானே என்று அந்த அம்மாவும் நம்பித் திரும்பினார். பல மாதம் கழித்து வங்கியில் பாஸ்புக் பதிந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ‘விழாத’ ரேகைக்கெல்லாம் பணம் போயிருக்கிறது! மெசேஜ் போன நம்பர் எப்போதோ செத்துப்போன பழைய சிம். கையில் ஒரு ரசீதுகூட இல்லை. வங்கிக் கம்ப்யூட்டரில் இருப்பதோ அவருடைய கைரேகை. யாரிடம் போய் நிரூபிப்பார்?

இந்த முறையில் பணம் எடுக்க ஆதார் நம்பர், வங்கியின் பெயர், விரல் — இந்த மூன்றும் போதும். ஓ.டி.பி. கேட்காது. ஒரே தடவையில் 10,000 ரூபாய் வரை போய்விடும்.

தொழில்நுட்பம் கெட்டது என்று சொல்லவில்லை. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய உரிமைத் தொகை, ஒரு கோடிக்கும் அதிகமான பெண்களின் கணக்கில், நடுவில் யார் கையும் படாமல் விழுந்தது. தரகருக்கு அழ வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பணம் கணக்குக்கு வரும் வரைதான் பத்திரம். கணக்கிலிருந்து உங்கள் கைக்கு வரும் அந்தக் கடைசி நாலடி தூரத்தில்தான் கொள்ளை!

இதெல்லாம் நடந்தால் உஷார்!

• “ரேகை விழலை” என்று மறுபடி விரலைக் கேட்கிறாரா? உடனே வைக்காதீர்கள். ‘தோல்வி’ என்ற ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லையா, விரல் இல்லை!

• ரசீதில் ஒரு தொகை, கையில் ஒரு தொகையா? அங்கேயே நின்று கேளுங்கள்.

• “உரிமைத் தொகை ஆபீஸிலிருந்து பேசறோம், ஓ.டி.பி. சொல்லுங்க” என்கிறார்களா? போனை வையுங்கள். அரசும் கேட்காது, வங்கியும் கேட்காது.

• அரசுத் திட்டத்தின் பெயரில் வாட்ஸ்அப்பில் ஆப் வருகிறதா? தொடாதீர்கள். போனே அவன் கைக்குப் போய்விடும்.

• “கணக்கைக் கொடு, மாசம் ரெண்டாயிரம் தர்றேன்” என்கிறானா? திருட்டுப் பணம் உங்கள் கணக்கு வழியாக ஓடும். போலீஸ் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும்!

• பணம் வருவதே நின்றுவிட்டதா? ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் அரசுப் பணம் போகும். அது எந்தக் கணக்கு என்று பாருங்கள். 2017-ல், சிம் கார்டுக்காக வைத்த ரேகையைக் கொண்டு பலருக்குத் தெரியாமலேயே கணக்கு திறந்து, காஸ் மானியம் அதில் போய் விழுந்த கூத்து நாடறிந்தது.

• வந்த உரிமைத் தொகையில் மினிமம் பேலன்ஸ் என்று வங்கியே பிடித்துவிட்டதா? 2023-ல் சில வங்கிகள் அப்படிச் செய்தபோது, பிடிக்கக் கூடாது என்று அப்போது தமிழக நிதியமைச்சராக இருந்த தங்கம் தென்னரசு எச்சரித்தார். முதல்வர் உதவி எண் 1100-க்குப் புகார் சொல்லுங்கள்.

பணம் போய்விட்டதா? அழுதுகொண்டு உட்காராதீர்கள். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே மடக்க அவ்வளவு வாய்ப்பு. அப்படியே வங்கிக்கும் எழுதிக் கொடுங்கள். உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாம் ஆள் திருடியிருந்து, தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொன்னால், நஷ்டம் உங்கள் தலையில் இல்லை. இது ரிசர்வ் வங்கி 2017-ல் போட்ட விதி. ஓ.டி.பி.யை நீங்களே சொல்லியிருந்தால்? வங்கிக்குச் சொல்லும் வரை போனதெல்லாம் உங்கள் நஷ்டம்தான்!

ஆதாரின் அதிகாரப்பூர்வ ஆப்பில் கைரேகையைப் பூட்டி வைக்கலாம், பணம் எடுக்கும்போது மட்டும் திறக்கலாம். பலருக்கு இது தெரியாது. வீட்டில் படிக்கும் பிள்ளையை விட்டுச் செய்யச் சொல்லுங்கள். சந்தேகம் என்றால் ஆதார் உதவி எண் 1947-ல் கேளுங்கள்.

ஜவ்வாது மலையில் இருந்தாலும் சரி, கிரிவலப் பாதையில் பூ விற்றாலும் சரி, மாதம் ஒரு முறை பாஸ்புக்கைப் பதிந்துவிடுங்கள். வங்கியில் இருக்கும் நம்பர் இப்போதைய நம்பர்தானா என்று பாருங்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சொல்லுங்கள். அவர் இதைப் படித்திருக்க மாட்டார்.