ஒன்றுக்கு மேற்பட்ட தையல் இயந்திரங்களை வைத்திருத்தல்

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் தையல் தெரிந்தவர்களின் வீடுகளில் கூடத்தில் ஓர் இயந்திரம், சன்னலோரத்தில் இன்னொன்று, பரணில் தலைப்பகுதி மட்டும் துணி சுற்றி வைக்கப்பட்ட மூன்றாவது ஒன்று என்று இருப்பது அரிதான காட்சியன்று. புதியது வந்த பிறகும் பழையதை விற்க மனம் வராது. கை சற்றுத் தேறியதும் அடுத்த இயந்திரத்தின் விலையை விசாரிக்கத் தொடங்குவார்கள். வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு இது வீண் ஆசையாகவே தெரியும். ஒரு ஆளுக்கு எத்தனை மெஷின் வேண்டும் என்ற கேலியும் எழும். அந்தக் கேள்விக்கான விடையில் பாதி, தையல் இயந்திரம் வேலை செய்யும் முறையிலேயே இருக்கிறது.

ஓர் இயந்திரம் ஏன் போதவில்லை

வீடுகளில் உள்ள சாதாரண இயந்திரம் இரண்டு நூல்களைக் கொண்டு தைக்கிறது. ஒன்று மேலே நூல்கண்டிலிருந்து ஊசிக் காதுக்கு வருவது. மற்றொன்று கீழே பாபினில் சுற்றப்பட்டிருப்பது. ஊசி துணியைத் துளைத்துக் கீழே இறங்கி, சற்றே மேலெழும்போது அதன் பின்புறம் நூல் ஒரு சிறு வளையமாகப் புடைக்கும். ஷட்டிலின் கூர்முனை அந்த வளையத்தைக் கொக்கிபோலப் பிடித்துப் பாபினைச் சுற்றிக் கொண்டுபோகும். இவ்வாறு இரு நூல்களும் பின்னிக்கொண்டு, அந்தப் பின்னல் துணியின் கனத்துக்கு நடுவில் போய் அமர வேண்டும். துணியின் அடிப்பக்கத்தில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் மேல்நூலின் இறுக்கம் போதவில்லை என்று பொருள். தையல் கற்கும் மாணவியர் பலர் அடிப்பக்கம் கெட்டிருப்பதால் பாபினையே குறை கூறுவர். குறை பெரும்பாலும் மேலேதான் இருக்கும்.

இத்தையல் உறுதியானது, ஆனால் நீளாது. இழுத்தால் நீளும் பின்னலாடையை இதில் தைத்தால், அணியும்போது நூல் அறுந்துவிடும். வெட்டிய துணியின் ஓரம் பிசிறு விடுவதையும் இது தடுக்காது. அதற்கு ஓவர்லாக் இயந்திரம் தேவை. ஓவர்லாக்கில் பாபின் கிடையாது. ஒரு சிறு கத்தி துணியின் ஓரத்தைச் சீராக நறுக்கிக்கொண்டே செல்ல, பொதுவாக மூன்று நூல்கள் அந்த ஓரத்தை அணைத்துச் சுற்றுகின்றன. நூல் அதிகம் தின்னும் இயந்திரம் இது. ஆனால் ரவிக்கையின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தே தையலின் தரத்தை மதிப்பிடும் வாடிக்கையாளர்கள் இருக்கும்வரை இதைத் தவிர்க்க முடியாது. சேலையின் ஓரத்துக்குப் பீக்கோ அடிக்க வேண்டுமானால் ஊசி இடமும் வலமுமாக அசைய வேண்டும். அது மூன்றாவது வகை. சேலைச் சந்தைக்குப் பெயர்பெற்ற இளம்பிள்ளை அருகிலேயே இருக்கும் சேலம் வட்டாரத்தில் பீக்கோவுக்கும் ஃபால்ஸ் தைப்பதற்கும் வேலை குறைவதில்லை. சட்டைக்குக் காஜா எடுப்பதற்கும் தனி இயந்திரம் உண்டு.

இவற்றில் பலவற்றைச் செய்யும் ஒரே இயந்திரமும் கடையில் கிடைக்கிறது. ஆயினும் ஒவ்வொரு வேலைக்கும் பாதத்தை மாற்றி, ஊசியை மாற்றி, இறுக்கத்தைத் திருத்தி, மாதிரித் துணியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மாலைக்குள் மூன்று ரவிக்கை கொடுத்தாக வேண்டியவருக்கு அந்த நேரம் கூலியிலிருந்து கழிகிறது. ஒரே வகை இயந்திரம் இரண்டை வைத்திருப்பவர்களும் உள்ளனர். ஒன்றில் வெள்ளை நூல், மற்றதில் கருப்பு நூல், அவ்வளவுதான் வேறுபாடு. இதை ஆடம்பரம் என்பவர்கள் ஒரு நாளில் இருபது முறை நூல் மாற்றிக் கோத்துப் பார்த்ததில்லை.

துணியின் கனமும் ஒரு காரணம். ஊசியின் மேல் 14/90, 16/100, 18/110 என்று பொறித்திருப்பார்கள். இரண்டாவது எண் ஊசியின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்காகக் குறிக்கிறது. 90 என்றால் 0.9 மில்லிமீட்டர். பருத்தி ரவிக்கைக்கு 14ஆம் எண்ணும், மெல்லிய பட்டுக்கு 11ஆம் எண்ணும் பொருந்தும். லாரி கூண்டு கட்டும் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லில் இருக்கை உறைக்கான ரெக்சினும் தார்ப்பாயும் தைக்கப்படுகின்றன. அவற்றுக்கு ஊசி பெரிதானால் மட்டும் போதாது. தடித்த நூலை இழுக்கவும் கனத்த அடுக்குகளை நகர்த்தவும் வலுவுள்ள வேறு இயந்திரமே வேண்டும். ரவிக்கை தைக்கும் மெஷினில் ரெக்சினை ஓட்டியவர்களுக்கு ஊசி முறிந்ததோடு ஷட்டிலும் கெட்ட அனுபவம் இருக்கும்.

கருப்பு மெஷின்

எலியாஸ் ஹோவ் 1846இலும், ஐசக் மெரிட் சிங்கர் 1851இலும் அமெரிக்காவில் தத்தம் தையல் இயந்திரங்களுக்குக் காப்புரிமை பெற்றனர். சிங்கர் நிறுவனம் 1850களிலேயே தவணை முறையில் விற்கத் தொடங்கியது. 1924இல் ‘யங் இந்தியா’ இதழில் வெளியான ஓர் உரையாடலில், இயந்திரங்கள் மீது ஐயம் கொண்டிருந்த காந்தி தையல் இயந்திரத்துக்கு மட்டும் விலக்குத் தந்தார். மனைவி கையால் தைத்து வருந்துவதைக் கண்டு அன்பினால் சிங்கர் இதை உருவாக்கினார் என்பது அவர் கருத்து. சிங்கரின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தவர்கள் இக்கதையை நம்பத் தயங்குவர். இந்தியாவில் ஜெய் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் நிறுவனம் 1930களில் கொல்கத்தாவில் உஷா இயந்திரங்களைத் தயாரிக்கத் தொடங்கியது.

பொன்னிறப் பூவேலையுடன் கூடிய கருப்பு வார்ப்பிரும்புத் தலை, கீழே மிதிப் பலகை, தோல் பெல்ட் ஆகியவற்றைக் கொண்ட அந்த வடிவம்தான் இன்றும் பலருக்குத் ‘தையல் மெஷின்’ என்றதும் நினைவுக்கு வருவது. பக்கத்துத் திருப்பூரில் ஆலை வேலைக்கு ஆள் தேடும் விளம்பரங்களில் ‘சிங்கர் டெய்லர்’ என்று எழுதுவர். அங்கே சிங்கர் என்பது நிறுவனத்தின் பெயரன்று. ஒற்றை ஊசியில் நேர்த்தையல் போடுபவர் என்றே பொருள்.

ஆலைகளில் உள்ள மின் இயந்திரங்கள் நிமிடத்துக்கு 4000 தையல்களுக்கு மேல் போடக்கூடியவை. அவை இப்போது வீடுகளுக்கும் வந்துவிட்டன. பழைய வகை கிளட்ச் மோட்டார், தைக்காதபோதும் இரைந்துகொண்டே சுற்றும். சர்வோ மோட்டார் மிதித்தால் மட்டுமே சுற்றுவதால் மின்கட்டணமும் இரைச்சலும் குறைவு. அப்படி ஒன்று வாங்கிய வீட்டிலும் கருப்பு மெஷின் தன் இடத்தை விடுவதில்லை. கழுத்து வளைவைத் திருப்பும்போது ஒரே ஒரு தையல் மட்டும் முன்னே செல்ல வேண்டியிருக்கும். கால் பழகிய மிதியில் அது எளிது. 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டில் மணிக்கணக்கில் மின்வெட்டு நிலவியபோது, மோட்டார் மட்டுமே வைத்திருந்தவர்கள் கைகட்டி உட்கார்ந்திருக்க, மிதி மெஷின் வைத்திருந்தவர்கள் வாசலில் வெளிச்சம் உள்ளவரை தைத்தார்கள்.

இரண்டாவது இயந்திரமும் வருவாயும்

தமிழக அரசின் சமூகநலத் துறை, சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தின்கீழ் கைம்பெண்கள், கணவரால் கைவிடப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், ஏழைப் பெண்கள் ஆகியோருக்கு இலவசத் தையல் இயந்திரம் வழங்குகிறது. தையல் தெரிந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பல பெண்களுக்குத் தம் பெயரில் வந்த முதல் சொத்து இதுதான். நிலமும் வீடும் கணவர் வீட்டார் பெயரில் இருக்கும். நகை அடகுக்குப் போகும். மெஷின் மட்டும் அவருடையது. அதை விற்கச் சொல்லும்போது எழும் மறுப்பை வெறும் பிடிவாதம் என்று கொள்வது சரியன்று.

ஆனால் முதல் இயந்திரம் நேர்த்தையல் மட்டுமே போடும். ஓவர்லாக்குக்கும் பீக்கோவுக்கும் துணியைக் கடைக்குக் கொண்டுபோய்க் காசு கொடுத்து அடித்து வர வேண்டும். கூலியில் ஒரு பகுதியும் நடை நேரமும் வெளியே போகின்றன. இரண்டாவது இயந்திரம் வந்த பிறகே அது வீட்டில் தங்குகிறது. அக்கம்பக்கத்தார் தம் துணிகளை அங்கே கொண்டுவரத் தொடங்குகின்றனர். மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களின் வழியாகப் பள்ளிச் சீருடை தைப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அந்த வேலைக்கு எண்ணிக்கைப்படியே கூலி. வேலை குவிந்துகிடக்கும் வாரத்தில் ஷட்டில் கெட்டுப்போய் பழுதுபார்ப்பவர் வர நான்கு நாள் ஆனால், நான்கு நாள் கூலி போயிற்று. பழைய மெஷின் ஓரமாக இருந்தால் பெல்ட்டை மாட்டி அன்றே உட்கார்ந்துவிடலாம்.

மகளோ மருமகளோ தையல் பழகுவதும் அந்தப் பழையதில்தான். ஆயுத பூசையன்று புதியது, பழையது என்ற வேறுபாடின்றி எல்லாவற்றுக்கும் எண்ணெய் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பர். அன்று எதிலும் தைப்பதில்லை.

வாங்குவோர் கவனத்துக்கு

ஆசைக்கு வாங்கி ஓட்டாமல் வைத்திருப்பதும் நடக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஓடாத மெஷினில் எண்ணெய் பிசினாகி இறுகும், பெல்ட் வெடிக்கும், ஊசித் தண்டில் துரு ஏறும். மாதம் ஒருமுறையாவது தையல் மெஷின் எண்ணெய் விட்டுச் சில நிமிடம் ஓட்டி, பிறகு கழிவுத் துணியில் தைத்துக் கறையை எடுக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் விடக் கூடாது, அதுவே பிசினாகும். வார்ப்பிரும்புக் கால்களை மட்டும் வாங்கி மேசையாக மாற்றுவோர் பெருகியிருப்பதால், பழைய மெஷினை எடைக்குப் போடுமுன் தலையும் காலும் சேர்ந்தே இருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது. பிரித்துவிட்டால் பொருந்தும் இணை கிடைப்பது கடினம்.

பழையதை விலைக்கு வாங்குவோர் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தடுத்தால் உள்ளே ஏதோ உரசுகிறது. பிறகு இரண்டு மடிப்புப் பருத்தித் துணியில், மேலே ஒரு நிற நூலும் பாபினில் வேறு நிற நூலும் போட்டு ஒரு சாண் தைத்துப் பார்த்தால், எந்த நிறம் எந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறது என்பதிலிருந்து இறுக்கத்தின் நிலை தெரிந்துவிடும்.