ஊசியைக் கொடுத்து எச்ஐவியைத் தடுக்கலாம் என்றவர்: டாக்டர் அடீபா கமாருல்சமான்

போதைப் பழக்கத்தில் இருப்பவருக்குச் சுத்தமான ஊசியை இலவசமாகக் கொடுங்கள் என்று ஒரு மருத்துவர் சொன்னால், 'இது பழக்கத்தை வளர்ப்பதாகாதா?' என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். இருபது ஆண்டுகளுக்கு முன் மலேசியாவிலும் இதே கேள்விதான் எழுந்தது. சமயத் தரப்பிலிருந்தும் எதிர்ப்பு வந்தது. அந்தத் திட்டத்துக்காக முன்னின்று வாதாடியவர்களில் ஒருவர், தொற்றுநோய் நிபுணர் பேராசிரியர் டாக்டர் அடீபா கமாருல்சமான்.

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த அவர், அங்கேயே தொற்றுநோய்த் துறையிலும் பயிற்சி பெற்று நாடு திரும்பினார். 1997-இல் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் தொற்றுநோய்ப் பிரிவைத் தொடங்கினார். டிங்கி, காசநோய், எலிக்காய்ச்சல் போன்றவை முற்றும்போதும், காய்ச்சலுக்குக் காரணம் பிடிபடாதபோதும் மற்ற மருத்துவர்கள் நாடுவது இத்துறை நிபுணர்களைத்தான். எங்கே வேலை, அண்மையில் எங்கே போனீர்கள், வீட்டில் வேறு யாருக்கும் காய்ச்சலா என்று அவர்கள் துருவித் துருவிக் கேட்பது வம்புக்கு அல்ல. நோய் வந்த வழி தெரிந்தால்தான் அடுத்தவருக்குப் போகாமல் அதை அடைக்க முடியும்.

எச்ஐவி விஷயத்தில் அந்த வழி தெளிவாகவே தெரிந்தது. 2002-இல் மட்டும் மலேசியாவில் 6,978 பேருக்குப் புதிதாக எச்ஐவி கண்டறியப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் போதைப்பொருளை ஊசி மூலம் ஏற்றிக்கொண்டவர்கள். ஒரே ஊசியைப் பலர் பகிரும்போது ஒருவர் ரத்தத்திலுள்ள கிருமி அடுத்தவர் உடலுக்குள் நேராகப் போய்விடுகிறது. அங்கிருந்து மனைவிக்கு, பிறகு பிள்ளைக்கு.

2005-இல் மெத்தடோன் சிகிச்சையும், 2006-இல் ஊசி மாற்றித் தரும் திட்டமும் தொடங்கின. மெத்தடோன் என்பது நாளுக்கு ஒரு முறை குடிக்கும் மருந்து. ஹெராயின் கிடைக்காதபோது வரும் உடல்வலியையும் ஏக்கத்தையும் அது அடக்கிவிடும். ஊசி தேவையில்லை, அடுத்த வேளைக்குப் பணம் தேடி அலையவும் வேண்டாம். மருந்தைக் குடித்துவிட்டு வேலைக்குப் போகலாம். பின்னர், எதிர்ப்பு எழுந்த சமயத் தரப்பையும் இணைத்துக்கொண்டு, கோலாலம்பூரில் ஒரு பள்ளிவாசலிலேயே இம்மருந்து வழங்கப்பட்டது.

2006 முதல் 2010 வரை மலேசிய எய்ட்ஸ் மன்றத்தின் தலைவராக இருந்தவரும் அடீபாதான். அந்தக் காலகட்டத்தின் இறுதியில் ஆண்டுதோறும் பதிவாகும் புதிய தொற்றுகள் 2002-இல் இருந்ததில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தன. பின்னாளில் அனைத்துலக எய்ட்ஸ் சங்கத்துக்குத் தலைமையேற்ற முதல் ஆசியரும் அவரே.

இப்போது நாட்டில் புதிய தொற்றுகள் பெரும்பாலும் உடலுறவு வழியாகவே பரவுகின்றன. நம் குடும்பங்களிலோ இன்னும் 'ரத்தத்தில் ஏதோ கோளாறு' என்று சொல்லி மூடி மறைக்கும் வழக்கம் போகவில்லை. மறைப்பதால் சிகிச்சைதான் தாமதமாகிறது. தினமும் மாத்திரை எடுத்து, பரிசோதனையில் தென்படாத அளவுக்குக் கிருமி குறைந்துவிட்டால், உடலுறவு வழியாக அது துணைக்குத் தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, ஒரே கழிவறையைப் பயன்படுத்துவதாலோ என்றுமே தொற்றாது.

அரசாங்க சுகாதார கிளினிக்குகளில் பெயர் சொல்லாமலேயே எச்ஐவி பரிசோதனை செய்துகொள்ளலாம்.