கோவில்பட்டியிலிருந்து காக்பிட்டுக்கு... பைலட் ஆக எது சரியான வழி?

தீப்பெட்டி, கடலைமிட்டாய், ஹாக்கி. கோவில்பட்டி என்றதும் நினைவுக்கு வருவது இவைதான். ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு பழைய விமான ஓடுதளம் இருப்பது பலருக்குத் தெரியாது. அங்கே விமானி பயிற்சி மையம் கொண்டுவரும் முயற்சியில் டிட்கோ இறங்கியிருக்கிறது. கரிசல் காட்டில் வானம் பார்த்து பருத்தியும் உளுந்தும் விதைக்கும் வீட்டுப் பிள்ளைகளும், ‘நாமளும் பைலட் ஆகலாமா?’ என்று கேட்கத் தொடங்குவார்கள்.

ஆகலாம். வழி இரண்டு. ஒன்றில் செலவு நம்முடையது, இன்னொன்றில் அரசாங்கத்துடையது.

வழி 1: பயணிகள் விமானம்

பிளஸ் 2-வில் இயற்பியல், கணிதம் படித்து, 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். வணிக விமானி உரிமம், அதாவது சிபிஎல் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வழிசெலுத்தல், வானிலை, விமான விதிமுறைகள் என டிஜிசிஏ நடத்தும் தேர்வுகளிலும் பாஸாக வேண்டும்.

எவ்வளவு ஆகும்? 50 லட்சம் ரூபாயைத் தாண்டலாம். ஏர்பஸ் ஏ320 போன்ற குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்ட ‘டைப் ரேட்டிங்’ பயிற்சிக்குத் தனியாகச் சில லட்சங்கள். இவ்வளவு கட்டினாலும் வேலை உறுதி கிடையாது. உள்ளூரில் மையம் வந்தால் வெளியூரில் தங்கும் செலவு மிச்சமாகும். பெரிய செலவு பறக்கும் நேரத்துக்குத்தான். அது அப்படியே இருக்கும்.

வழி 2: விமானப்படை

பிளஸ் 2 முடித்ததும் என்டிஏ தேர்வு எழுதலாம். வயது 16½ முதல் 19½ வரை. 2022 முதல் பெண்களும் சேர்கிறார்கள். பட்டதாரிகளுக்கு ஏஎஃப்கேட் தேர்வு. பறக்கும் பிரிவுக்கு வயது 20 முதல் 24 வரை.

பயிற்சிக் கட்டணம் கிடையாது. அதிகாரி பயிற்சியின் இறுதி ஓராண்டில் மாதம் ரூ.56,100 உதவித்தொகையும் உண்டு. ஆனால், விமானி தகுதியைச் சோதிக்கும் கணினித் தேர்வில் ஒருமுறை தோற்றால், வாழ்நாளில் மறுவாய்ப்பு இல்லை. குறுகிய காலப் பணியில் சேரும் விமானிகளுக்கே 14 ஆண்டு சேவை. போஸ்டிங் எங்கே என்பதைப் படைதான் முடிவுசெய்யும்.

வேலை எப்படி இருக்கும்?

போர் விமானி ஒவ்வொரு முறையும் ஒரு பணிக்காகப் பறக்கிறார். தரையில் இருக்கும் நேரம் திட்டமிடலிலும் பயிற்சியிலும் போகும். தமிழ்நாட்டிலேயே சூலூரில் தேஜஸ், தஞ்சாவூரில் சுகோய்-30 படைப்பிரிவுகள் உண்டு. சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் இப்படி என்டிஏ வழியாக விமானப்படைக்குப் போய், ககன்யான் விண்வெளி வீரராகத் தேர்வானவர்.

பயணிகள் விமானியின் எதிரி களைப்பு. அதிகாலை டியூட்டி, இரவுத் தரையிறக்கம், தீபாவளியன்றும் ரோஸ்டர். ஆண்டுக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்பது விதி. ஓய்வு விதிகள் இறுக்கப்பட்டபோது ரோஸ்டர் சிக்கலால் 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானது நினைவிருக்கலாம்.

அங்கிருந்து இங்கே வரலாமா?

வரலாம். விமானப்படையில் பறந்த மணி நேரம் கணக்கில் சேரும். டிஜிசிஏ உரிமம் மட்டும் தனியாக வாங்க வேண்டும். 2020 கோழிக்கோடு விபத்தில் உயிரிழந்த கேப்டன் தீபக் சாத்தே, விமானப்படையிலிருந்து ஏர் இந்தியாவுக்கு வந்தவர்தான்.

முதலில் என்ன செய்யணும்?

* பணம் கட்டும் முன் டிஜிசிஏ மருத்துவப் பரிசோதனை செய்யுங்கள். நிறக்குருடு போன்ற குறை தெரியாமல் லட்சங்களைக் கட்டி ஏமாந்துவிடக் கூடாது.
* பயிற்சி நிறுவனத்துக்கு டிஜிசிஏ அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள்.
* தேர்வும் வானொலித் தொடர்பும் ஆங்கிலத்தில்தான். தமிழ் வழியில் படிப்பவர்கள் பிளஸ் 1-லேயே பேசிப் பழகுவது நல்லது.
* நிலத்தை அடமானம் வைக்க யோசிக்கும் முன் என்டிஏ எழுதிப் பாருங்கள். சிபிஎல் பயிற்சியில் அப்புறமும் சேரலாம். 19½ வயது தாண்டினால் என்டிஏ கதவு மூடிவிடும்.