செங்கத்து நடுகல்லும் மேய்ச்சல் நிலமும்

திருவண்ணாமலையிலிருந்து கிருஷ்ணகிரி சாலையில் போனால், செங்கம் வர வர இரு பக்கமும் மலை நெருக்கிக்கொண்டு வரும். வடக்கே சவ்வாது மலை. தெற்கே கல்வராயனை நோக்கிப் போகும் குன்றுகள். கீழ்ச் சமவெளிக்கும் மேற்கேயுள்ள மேட்டு நிலத்துக்கும் இந்தக் கணவாய்தான் வாசல். 1767இல் ஐதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் மோதியது இங்கேதான்.

அதற்கு ஆயிரம் ஆண்டுகள் முன்பே இங்கு சண்டை நடந்திருக்கிறது, மாட்டுக்காக. செங்கம், தண்டராம்பட்டு வட்டாரத்தில் பல்லவர் கால நடுகற்கள் அடுத்தடுத்துக் கிடைத்திருக்கின்றன. ஆநிரை கவர்ந்தபோதும் மீட்டபோதும் விழுந்தவர்களின் கற்கள் அவற்றில் ஏராளம். எடுத்தனூர்க் கல் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கப் போராடி மாண்ட கருந்தேவக்கத்தி அதில் நிற்கிறான். கூடவே அவன் நாயும் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்து அது காவல் காத்ததை வட்டெழுத்தில் பொறித்திருக்கிறார்கள். மன்னன் பெயர் தாங்கிய கல்லில் காவல் நாயின் பெயரும் இருக்கிறதென்றால், மந்தைதான் அந்த ஊருக்கு வாழ்வாக இருந்திருக்க வேண்டும்.

காரணம் காலடியில் இருக்கிறது. இம்மலைகளின் சார்னகைட், நைஸ் பாறைகள் தண்ணீரை உள்ளே விடுவதில்லை. மேலே மக்கிய அடுக்கிலும் வெடிப்புகளிலும் தங்குவதுதான் நிலத்தடி நீர். ஆண்டு மழை ஆயிரம் மில்லிமீட்டரை ஒட்டி இருந்தாலும், பெரும்பகுதி சில மாதங்களிலேயே கொட்டிச் சரிவில் ஓடிவிடுகிறது. சவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறே கோடையில் வெறும் மணலாகிவிடும். ஊற்றுத் தோண்டித்தான் நீர் எடுக்க வேண்டும். மண்ணும் சரிவுகளில் சாண் ஆழம் இருந்தால் அதிகம். பயிர் காய்ந்துபோகும் அந்த இடத்திலும் மழைக்குப் பின் புல் முளைக்கும். கோடையில் முள்மரங்கள் தழை தரும். நாம் தின்ன முடியாத அந்தப் புல்லையும் தழையையும் கால்நடை பாலாகவும் எருவாகவும் மாற்றித் தருகிறது. தண்ணீர் இருக்கும் இடத்துக்குத் தானே நடந்தும் போகிறது. ஆனால், தானே நடக்கும் சொத்தை ஓட்டிக்கொண்டு போவதும் எளிது. பக்கத்திலேயே காடு, அதைத் தாண்டினால் கணவாய்.

அதனால் நடுகல்லின் எழுத்து எவ்வளவு முக்கியமோ, அது நிற்கும் இடமும் அவ்வளவு முக்கியம் என்பேன். எந்த ஓடையோரம், எந்த மேய்ச்சல் தரையின் விளிம்பு, மலையடிவாரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று குறிக்காமல் கல்லை மட்டும் பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைத்தால், பாதிச் சான்று வயலிலேயே தங்கிவிடும். இப்பகுதியில் பல கற்களை வேடியப்பன் என்று மக்கள் இன்னமும் கும்பிடுகிறார்கள். அந்தக் கற்கள் இடம்பெயராமல் இருப்பதற்கு அந்த வழிபாடும் ஒரு காரணம்.