பேற்றுத் துணை

'டூலா' என்னும் சொல் கிரேக்க மொழிக்குரியது. பண்டை நாளில் அடிமைப் பெண்ணை அது குறித்தது. தாய்ப்பாலூட்டல் பற்றி 1973 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், டானா ராபேல் என்ற அமெரிக்க மானிடவியலறிஞர் புதிய தாயைத் தாங்கி நிற்கும் பெண்ணுக்கு அச்சொல்லை இட்டு வழங்கினார். பின்னர் அது பிரசவ வேளையில் உடனிருப்பவளுக்கும் பெயராயிற்று. அடிமையின் பெயரைச் சிலர் விரும்புவதில்லை; அவர்கள் வெறுப்பில் நியாயம் உண்டு. ஆதலின் நான் 'பேற்றுத் துணை' என்றே எழுதுகிறேன். மருத்துவிச்சி என்று எழுதுவதற்கில்லை. இருவர் தொழிலும் வேறு.

மருத்துவிச்சி பிள்ளையை ஏந்துபவள். தாயைச் சோதிப்பதும் பிரசவத்தை நடத்துவதும் அவள் கடன். பேற்றுத் துணை இவற்றில் ஒன்றையும் தொடுவதில்லை. நோவு எழுந்த நேரம் முதல் தாயை விட்டு அகலாதிருத்தலே அவள் பணி. இடுப்பை அழுத்தித் தேய்ப்பாள்; எழுந்து நடக்கத் தோள் கொடுப்பாள்; உலர்ந்த உதட்டை நனைப்பாள்; வைத்தியர் சொன்னதை விளங்கும் மொழியில் எடுத்துரைப்பாள். செய்வதறியாது நிற்கும் கணவனுக்கும் ஒரு வேலை காட்டுவாள். தாதியர் பல கட்டில்களைக் கவனிப்பர், முறைமாறிச் செல்வர். இவள் மாறுவதில்லை.

முன்னாளில் தாயும் தமக்கையும் அயற்பெண்களும் சூழ்ந்திருக்க, இதற்கெனத் தனியொருத்தி வேண்டியிருக்கவில்லை. அமெரிக்காவில் 20 ஆம் நூற்றாண்டின் முற்பாதியிற் பிரசவம் வீட்டை விட்டு வைத்தியசாலைக்குப் பெயர்ந்தது. குருதியேற்றலும் கிருமிகொல்லி மருந்துகளும் அங்கே எத்தனையோ தாய்மாரைக் காத்தன; அதனை மறுப்பவர் வரலாறு அறியாதவர். ஆனால் உறவினர் வாயிலில் நிறுத்தப்பட்டனர்.

இத்தனிமையின் விலையை அளந்து பார்த்தவர்கள், மார்ஷல் கிளவுஸ், ஜோன் கெனல் என்னும் குழந்தை வைத்தியரும் அவர்தம் உடனாய்வாளரும். உறவினர் எவரும் உள்ளே விடப்படாத குவாத்தமாலா வைத்தியசாலையொன்றில், தலைப்பிள்ளைத் தாய்மார் சிலருக்கு முன்பின் அறியாத, பயிற்சியுமற்ற ஒரு பெண்ணை உடனிருக்கச் செய்தனர். 1980 இல் வெளியான அவ்வாய்வின்படி, துணையோடிருந்தவர்களுக்கு வைத்தியசாலையிற் சேர்ந்ததிலிருந்து பிள்ளை பிறக்கச் சராசரி 8.8 மணி நேரம் சென்றது, தனித்திருந்தவர்களுக்கு 19.3 மணி நேரம். ஒப்பிடப்பட்டவர்கள் பக்கத்துக்கு 20 பேரே. இதை மட்டும் கொண்டு எதையும் நாட்டிவிட இயலாது.

என்னை அதிகம் சிந்திக்க வைத்தது, இவர்களே ஹூஸ்ரன் நகரில் நடத்தி 1991 இல் வெளியிட்ட ஆய்வு. அங்கே தாய்மார் மூன்று பகுதியினர். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 200 பேர். ஒரு பகுதியினருக்குப் பேற்றுத் துணை இருந்தாள். இன்னொரு பகுதியினரின் அறையில் ஒருவர் ஒதுங்கியிருந்து, தாயோடு பேசாமல், நிகழ்வதைக் குறித்துக்கொண்டார். எஞ்சியோருக்கு எவருமில்லை. எவருமில்லாதவர்களில் நூற்றுக்கு 18 பேருக்குச் சத்திரசிகிச்சையாற் பிள்ளையை எடுக்க நேர்ந்தது. துணையுள்ளவர்களில் 8 பேருக்கு. பேசாதவர் இருந்த அறைகளிலோ 13 பேருக்கு. வாய் திறவாத ஓர் அந்நியர் அறையில் இருந்ததற்கே இத்தனை பயன்! அச்சம் மிகும்போது சுரக்கும் அதிரினலின் கருப்பையின் சுருக்கத்தைத் தளர்த்தவல்லது என்பது வைத்தியர் தரும் விளக்கம். அதனை ஒப்பலாம், வியப்பு மட்டும் எனக்குக் குறையவில்லை.

2017 இல் 17 நாடுகளின் 26 ஆய்வுகளை ஒருங்கே நோக்கிய கொக்ரேன் மதிப்பீடும் இவ்வழியே சென்றது. தாய் விரும்பும் ஒருவரை உடனிருக்க விடவேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2018 இற் பரிந்துரைத்தது.

அமெரிக்காவிற் பேற்றுத் துணையைப் பலர் கைப்பணம் கொடுத்தே அமர்த்துகின்றனர். பிரசவத்தோடு தொடர்புற்று இறக்கும் கறுப்பினத் தாய்மாரின் விகிதம் அங்கே வெள்ளையரினதைப் போல் ஏறத்தாழ மும்மடங்கு. அவர்களுட் பலருக்கு அக்கட்டணம் எட்டாதது. வறியோருக்கான அரச மருத்துவ நிதியிலிருந்து அதனைக் கொடுக்க மினசோட்டா மாநிலம் 2013 இற் சட்டமியற்றியது. வேறு மாநிலங்களும் தொடர்ந்தன. ஆயினும் குவாத்தமாலாவில் உடனிருந்தவள் பயிற்சியற்றவள் என்பதை மறத்தலாகாது. தாயையோ தமக்கையையோ உள்ளே விடுவதற்குப் பெரும்பொருள் எதற்கு? கட்டில்கள் அடுத்தடுத்துக் கிடக்கும் விடுதியிற் பிறர் மறைவு கெடும் என்பது வைத்தியசாலையார் கூறும் தடை. கட்டிலுக்கொரு திரைச்சீலையும் அருகே ஓர் இருக்கையும் இருந்தால் அத்தடை பெரும்பாலும் நீங்கும்.