கடைசி ஈரம் யாருக்கு?

புரட்டாசியில் விதைத்தது ஐப்பசி மழையில் தலைகாட்டியதும் திருவேங்கடம் தாலுகாவின் கரிசல்காட்டுச் சம்சாரிக்குப் பெரிய கவலை களைதான். முதல் முப்பது, நாற்பது நாளுக்குள் கொத்திவிட வேண்டும். பிந்தினால் கொத்தியும் பிரயோஜனமில்லை. மண்ணில் இருந்த ஈரத்தையும் சத்தையும் கோரையும் அருகும் அதற்குள் தின்று தீர்த்திருக்கும்.

இத்தனைக்கும் கரிசல் ஏழை மண் அல்ல. மணலைவிடப் பல மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால், குடித்ததை லேசில் விட்டுக் கொடுக்காது. களித்துகள்கள் ஈரத்தை இறுக்கிப் பிடித்திருக்க, செடி வாடிக்கொண்டிருக்கும். மண்ணில் தண்ணீர் இருக்கிறதா என்பதல்ல இங்கே பேச்சு. அந்தக் கடைசி ஈரத்தையும் இழுக்கிற வேர் யாருடையது என்பதுதான்.

இதைக் கணக்காக எழுதியவர் அமெரிக்கச் சூழலியலாளர் டேவிட் டில்மன். அவர் தொடங்கியது நிலத்தில் அல்ல, மிச்சிகன் ஏரியின் கண்ணுக்குத் தெரியாத பாசிகளில். இரண்டு வகை நுண்பாசிகளை ஒரே நீரில் வளர்த்துப் பார்த்து, 1977-ல் முடிவை வெளியிட்டார். பாஸ்பரஸ் பற்றாக்குறையானால் ஒன்று ஜெயித்தது. சிலிக்கா பற்றாக்குறையானால் மற்றது. ஒன்றுக்கு ஒரு பொருளும் மற்றதற்கு வேறு பொருளும் பற்றாக்குறையானபோது மட்டும் இரண்டும் சேர்ந்து பிழைத்தன. எந்தப் பொருள் பற்றாக்குறையாகிறதோ, அதை மிகக் குறைந்த அளவிலும் வைத்துச் சமாளிக்கிறவன் மற்றவனை வெளியேற்றிவிடுவான்.

பருத்திக்கு நடுவே உளுந்து போடுகிற நம் ஊர் வழக்கத்தை இந்தக் கண்ணோடு பாருங்கள். பருத்தி ஆழத்துக்கு வேர் விட்டு மாதக்கணக்கில் நிற்கும். உளுந்து மேல்மண்ணில் பிழைத்து, எழுபது நாள் சுமாருக்குக் காயைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். தழைச்சத்தையும் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் தயவில் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தாலும் ஒரே இலையில் சாப்பிடுவதில்லை. பக்கத்துக் கோவில்பட்டியில் 1901-லிருந்து இயங்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக்காகவே பாடுபடுகிறது. ஆனாலும் இந்த ஏற்பாட்டைச் சம்சாரிகள் யாரிடமும் கேட்டுக் கற்றதில்லை.

பந்தியையே பிடுங்கிக்கொண்டவர் ஒருவர் உண்டு: வேலிக்கருவை. அமெரிக்கக் கண்டத்து மரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டிஷார் கொண்டுவந்தது. அரிசோனாவில் சுரங்கம் தோண்டியபோது, இதன் நெருங்கிய உறவு மரமொன்றின் வேரை ஐம்பது மீட்டருக்கும் கீழே கண்டார்கள். கரிசலின் எந்தப் பயிர் அவ்வளவு ஆழம் போகும்? போதாததற்கு, உதிர்ந்த இலையிலிருந்து கசியும் ரசாயனம் அடியில் மற்ற விதைகளை முளைக்க விடாது. ஆடு நெற்றைத் தின்றுவிட்டு விதையை ஊரெல்லாம் போட்டுவரும். வெட்டினால் தூரிலிருந்து பத்துக் கிளை.

இந்தத் தாலுகாவின் கலிங்கப்பட்டிக்காரரான அரசியல் தலைவர் வைகோ வழக்குத் தொடுத்துத் தாமே வாதாட, வேலிக்கருவையை அகற்றும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2017-ன் தொடக்கத்தில் ஜேசிபி சத்தம் கேட்காத கண்மாய் இல்லை. சில மாதத்தில் சென்னையில் இடைக்காலத் தடை வந்தது. அந்நியத் தாவரங்களுக்கென்றே தமிழக அரசு ஒரு கொள்கையை வெளியிட 2022 ஆயிற்று. அகற்றுவதை எதிர்த்தவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கரிமூட்டம் போட்டும் விறகு வெட்டியும் பிழைக்கிற குடும்பங்கள் எத்தனை! என் குறை வேறு. வெட்டிய இடத்தைச் சும்மா போட்டார்கள். எடுக்க ஆளில்லாத ஈரமும் வெயிலும் அங்கே கிடந்தால், முதலில் கைநீட்டுவது பழைய ஆளின் தூர்தான்.

தண்ணீருக்குள் சண்டையின் பொருள் மாறிவிடுகிறது. அங்கே ஈரத்துக்குப் பஞ்சமில்லை. வெளிச்சமும் சத்தும்தான் பொருள். நெல்லையில் தாமிரபரணியை மூடும் அமலைச்செடியைப் பாருங்கள். ஊர்ச் சாக்கடை சத்தை வாரிக் கொட்டுகிறது. சத்துக்கு இனிச் சண்டை போட வேண்டியதில்லை என்றானபின் மிஞ்சுவது வெளிச்சம் ஒன்றுதான். மேலே மிதக்கிறவன் அதை முழுக்க எடுத்துக்கொள்ள, அடியிலுள்ள நீர்ச்செடிகள் இருட்டில் சாகும். இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட்டில் 1856-லிருந்து நடக்கும் புல்வெளிச் சோதனையிலும் இதே கதை: தழைச்சத்து உரம் அதிகம் போட்ட பாத்திகளில் புல் செழித்தது, செடிவகைகள் குறைந்தன.

மீன்களுக்குள்ளும் இதுதான். 1952-ல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க வம்சத்து ஜிலேபிக் கெண்டை பாசி, புழு, மக்கு என்று எதையும் தின்னும். குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக் காக்கும். வருஷத்தில் பலமுறை பெருகும். நாட்டுக் கெண்டைக்கும் கெளுத்திக்கும் இரையில் மிஞ்சுவது குறைவு. சந்தையில் இன்று கண்மாய் மீன் என்று கேட்டால் முதலில் கைக்கு வருவது அதுவாகத்தான் இருக்கிறது.

சித்திரையில் கண்மாய் வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது ஒருநடை போய்ப் பாருங்கள். நீர் நின்றாலும் தாங்குகிற நாட்டுக்கருவேலம் கரையோரம் ஒன்றிரண்டு, கொக்குக்கூட்டின் சுள்ளிகளோடு நிற்கும். அதைத் தாண்டி உள்ளே நடந்தால், வெட்டிப்போட்ட தூர் ஒவ்வொன்றிலும் முழங்கால் உயரத்துக்குப் பச்சை.